ஒரு மோட்டர் நின்றால்? மீட்புப் பணிக்குப் பெரிய ட்ரோன் கட்டிய அனுபவம்

திருகோணமலையில் இருந்துகொண்டு, சொந்தக் காசில், மீட்புப் பணிக்கென்று ஒரு பெரிய ட்ரோன் கட்டினேன். இரண்டு வருடத்துக்கு மேல் போனது. செலவு 16 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. அதில் 6 இலட்சம் அளவு, இந்த வழியில் முன்னே போன யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கும். கேட்க ஆள் இருக்கவில்லை. இணையத்தில் வீடியோக்கள் நிறைய உண்டு, ஆனால் எங்கள் கடற்காற்றையும் எங்கள் அனுமதி நடைமுறையையும் எங்கள் வெள்ளத்தையும் மனதில் வைத்து யாரும் பேசவில்லை. இந்த வேலையில் இறங்க நினைக்கும் அடுத்த ஆளுக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் உப்புவெளியில் வள்ளங்களின் ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி, ரேடியோ செட் எல்லாம் திருத்துகிறவன். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை (சனத்தை அக்கரைக்கு ஏற்றும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தபோது இந்த மாவட்டமே அழுதது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நடந்த சாவு அது. மாரியில் மகாவலி பெருகினால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வீதி மூடி, வீட்டுக் கூரையில் சனம் காத்திருப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் லெனொக்ஸ் ஹெட் கடற்கரையில் அலையில் மாட்டிய இரண்டு பெடியன்களுக்கு ட்ரோன் மேலேயிருந்து மிதவை போட, அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கரை சேர்ந்த செய்தியை முன்பே வாசித்திருந்தேன். குறிஞ்சாக்கேணிக்குப் பிறகு அந்தச் செய்தி என்னை விடவில்லை. 3 கிலோ சுமையைத் தூக்கிக்கொண்டு 2 கிலோமீற்றர் போய், போட்டுவிட்டு, திரும்பி வரவேண்டும். இதுதான் நான் வைத்த இலக்கு.

இலக்கை இப்படிச் சின்னதாக எழுதிவைத்தது நல்லதாகப் போயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, “இறங்குதுறையிலிருந்து மூதூருக்கு மருந்து கொண்டுபோகுமா?” என்பதுதான். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே வெட்டிப் போனாலும் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் வரும். பல விசிறி வைத்த ட்ரோன் அந்தரத்தில் நிற்பதற்கே தன் சக்தியில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ருவாண்டாவில் 2016 முதல் இரத்தப் பைகளைத் தூர இடங்களுக்குக் கொண்டுபோகிற ட்ரோன்கள் இறக்கை வைத்தவை, அது வேறு சாதி. உங்களுக்கு வேண்டியது தூரமா, நின்று இறக்குவதா என்பதைக் காசு செலவழிக்க முன்பே முடிவெடுங்கள். வெறுமனே மேலேயிருந்து பார்ப்பதுதான் தேவை என்றால் கட்டவே வேண்டாம், நல்ல கமெரா உள்ள சின்ன ட்ரோன் ஒன்றை வாங்கினால் போதும்.

அடுத்தது கடதாசி வேலை. இலங்கையில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குவதானால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். ரிமோட், டெலிமெட்ரி (ட்ரோனின் நிலையைக் கீழே அறிவிப்பது) போன்ற ரேடியோ அனுப்பிகளுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி தனியாக வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோன் பறப்பதையே சில காலம் நிறுத்திவைத்த நாடு இது. திருகோணமலையில் அதற்கு மேல் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் இருக்கின்றன. வீட்டு முற்றத்தில் ஒரு அடி தூக்கிப் பார்ப்பதற்குக்கூட யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். துண்டு துண்டாக வாங்கினால் அது வெறும் மோட்டரும் குழாயும்தானே என்று விற்றவர் சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன். ரிமோட் வந்த பெட்டியில்தான் சிக்கல் தொடங்கியது. அனுமதிக் கடிதம் கையில் இல்லாததால் பெட்டி மாதக் கணக்கில் நின்றது, களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. அந்த நாட்களில் இரவு நித்திரை இல்லை. குற்றம் செய்தவன் மாதிரி ஒரு உணர்வு, வீட்டில் சொல்லவும் முடியவில்லை. நீங்கள் முதலில் கடிதங்களை எடுங்கள். விண்ணப்பத்தில் என்ன நோக்கம், எந்த இடம், எவ்வளவு எடை, எந்த அலைவரிசை என்று விவரமாக எழுதுங்கள். பிரதேச செயலகத்திலோ அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலோ உங்கள் நோக்கத்தை ஆதரித்து ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் கேள்விகள் குறையும். எனக்குக் கதவு திறந்தது அந்தக் கடிதத்தால்தான்.

பற்றரி இன்னொரு கதை. டுபாயில் இருக்கும் மச்சான் லீவில் வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னார். காசு கட்டி வாங்கியும் வைத்துவிட்டார். விமானத்தில் பயணி கொண்டுபோகக்கூடிய லித்தியம் பற்றரி 100 வோட் மணி வரைதான், விமான நிறுவனம் சம்மதித்தால் 160 வரை. நான் சொல்லி வாங்கியது 22 ஆயிரம் மில்லி அம்பியர் மணி, அதாவது 22 அம்பியர் மணி, ஆறு செல். 22.2 வோல்டால் பெருக்கினால் ஒன்றே 488 வோட் மணி வருகிறது. விமான நிலையத்திலேயே தடுத்துவிட்டார்கள். பாவம், மச்சான் வீட்டுக்கும் கொண்டுபோக முடியாமல் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பயணிகள் விமானத்தில் தனி லித்தியம் அயன் பற்றரிகளைச் சரக்காக ஏற்றுவதும் 2016 ஏப்ரலிலிருந்து தடை. ஆகவே கப்பல், அல்லது சரக்கு மட்டும் ஏற்றும் விமானம். இரண்டுமே அபாயகரமான பொருள் என்ற கணக்கில் வரும், நாள் எடுக்கும், கட்டணமும் கூட. ஒரு ட்ரோன் திட்டத்தில் கடைசியாக வந்து சேர்கிற பொருள் பற்றரிதான், அதனால் முதலில் சொல்லிவைக்க வேண்டியதும் அதுதான்.

இனிக் கட்டிய விதம். முதல் வடிவம் ஆறு கை, ஆறு மோட்டர், 28 அங்குல விசிறி. காபன் குழாய்கள், நடுவில் காபன் தட்டு, ஆர்டுபைலட் என்ற மென்பொருள் ஓடும் ஃப்ளைட் கன்ட்ரோலர் (பறப்பை நடத்தும் மூளை), ஆறு செல் பற்றரி இரண்டைத் தொடராக இணைத்து 44.4 வோல்ட். சுமை இல்லாமல் 12.5 கிலோ, சுமையோடு 15.5. ஒவ்வொரு மோட்டரும் உச்சத்தில் ஐந்தரைக் கிலோ தூக்கும், மொத்தம் 33 கிலோ. தூக்கும் பலம் எடையைப் போல் இரண்டு மடங்காவது இருக்கவேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு, அதற்குச் சரியாக வந்தது. பறக்கும் நேரமும் இப்படித்தான்: இரண்டு பற்றரியிலும் சேர்த்து 977 வோட் மணி, அதில் ஐந்தில் நாலு பங்கைத்தான் எடுக்கலாம், ஒரு வோட்டுக்கு 8 கிராம் தூக்கும் என்றால் வெறுமையாக அரை மணித்தியாலம். காற்றிலும் சுமையிலும் எனக்குக் கிடைத்தது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடுதாசியில் வருவதில் மூன்றில் இரண்டு பங்கை நம்புங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பெரிய விசிறிகளில் ஒரு பாகை சரிவுகூட விளையாட்டில்லை என்பதை வேலை செய்துதான் படித்தேன். மோட்டரை உருண்டைக் குழாயில் கவ்வி பிடித்திருக்கும். இறுக்கும்போது நேராக இருக்கும். நாலைந்து தரம் பறந்ததும் கவ்வி மயிரளவு சுழன்றிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ட்ரோன் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்க ஒரு திசையில் சுழலும் மோட்டர்கள் மட்டும் கூடுதலாக உழைக்கும். விசிறியின் இரண்டு நுனியிலும் நிலத்திலிருந்து உயரத்தை அளந்து, ஆறு மோட்டரிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு கவ்வியையும் குழாயோடு சேர்த்துத் துளைத்து, குறுக்கே ஆணி போட்டேன், குழாயிலும் கவ்வியிலும் வெள்ளைப் பெயின்ரால் ஒரே கோடு இழுத்தேன். கோடு உடைந்திருந்தால் அன்று பறப்பு இல்லை. கொம்பஸ் விஷயமும் இப்படித்தான். பற்றரி வயர்களில் நூறு அம்பியருக்குக் கிட்டப் பாயும்போது பக்கத்தில் இருக்கும் கொம்பஸ் பொய் சொல்லும். நேர் வயரையும் எதிர் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டி, ஜிபிஎஸ்ஸையும் கொம்பஸையும் ஒரு தண்டு வைத்து மேலே உயர்த்திய பிறகுதான் அது ஓரிடத்தில் நின்றது.

விழுந்த நாளைச் சொல்ல வேண்டும். பெரும்போக அறுவடை முடிந்த வயல், ஈச்சிலம்பற்றுப் பக்கம், அனுமதி எடுத்த இடம். காலை நேரம், காற்று இல்லை. மூன்று கிலோ அரிசிப் பை தொங்கியது. தென்னை உயரத்தில் நின்றது, அழகாகத்தான் நின்றது. முன்னுக்கு நகரச் சொல்லிக் குச்சியைத் தள்ளினேன். ஒரு கை சடாரென்று கீழே சரிந்தது, ஒரு வட்டம் சுழன்றது, அவ்வளவுதான். காபன் உடையும் சத்தம் காய்ந்த விறகு முறிவது போலக் கேட்டது. பற்றரி ஒன்று ஊதி, புகை விட்டது. மண் அள்ளிப் போட்டோம். நான் வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றரை இலட்சம் ரூபா அந்த வயலில் கிடந்தது. காசைவிட, அதே இடத்தில் கீழே சனம் நின்றிருந்தால் என்ற நினைப்புத்தான் பல நாள் சாப்பாட்டை இறங்கவிடவில்லை. கைவிடுவோம் என்று மனைவியிடம் சொன்னேன். “ஏன் விழுந்தது எண்டு தெரியாமல் விட்டா, நாளைக்கு வேற ஒருத்தர் கட்டி சனத்துக்கு மேல விழுத்துவார்” என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் திரும்ப மேசையில் இருந்தேன்.

ஃப்ளைட் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. ஆர்டுபைலட் பாவிப்பவர்கள் இந்தப் பதிவைப் படிக்கப் பழகுங்கள், விமானத்தின் கறுப்புப் பெட்டிக்குச் சமம். அதில் இரண்டு கோடுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, எவ்வளவு சரியச் சொன்னது, எவ்வளவு சரிந்தது. இரண்டு, ஒவ்வொரு மோட்டருக்கும் என்ன கட்டளை போனது. என் பதிவில் ஒரு மோட்டருக்கான கட்டளை மட்டும் உச்சத்துக்கு ஏறியிருந்தது, அதே நொடியில் அந்தக் கை கீழே போயிருந்தது. கன்ட்ரோலர் “சுற்று, சுற்று” என்று கத்தியிருக்கிறது, மோட்டர் சுற்றவில்லை. மோட்டரிலும் குறை இல்லை, வயரும் அறவில்லை. மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டும் மின்தட்டான ஈஎஸ்சி தாளம் தப்பியிருந்தது. 28 அங்குல விசிறிக்கு நிறை அதிகம், சட்டென்று வேகம் மாறச் சொன்னால் உடனே மாறாது. ஈஎஸ்சி அது மாறிவிட்டதாக எண்ணி அடுத்த மின்துடிப்பைத் தவறான நேரத்தில் கொடுக்க, மோட்டர் அப்படியே நின்றுவிடும். சின்ன ட்ரோன்களுக்குச் செய்த ஈஎஸ்சிகளைப் பெரிய விசிறியோடு கட்டினால் இப்படி நடக்கும். மோட்டருக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்றவர் கையை விரித்தார்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. பெரிய ட்ரோன் கட்டுகிறவர் எவ்வளவு தூக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கக்கூடாது. பறக்கும்போது ஒரு மோட்டர் நின்றால் என்ன நடக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மோட்டரில் ஒன்று போனால் ஐந்து இருக்கிறதே என்று தோன்றும். சமநிலை தப்பாமல் இருக்க, நேர் எதிரே உள்ள மோட்டரும் ஏறக்குறையச் சும்மா இருக்க வேண்டிவரும். மிஞ்சுவது நாலு, 22 கிலோ. பதினைந்தரைக் கிலோவைச் சுமந்துகொண்டு, காற்றோடு மல்லுக்கட்டி, திசையையும் பிடிக்க அது போதாது.

அதனால் இரண்டாவது வடிவத்தை நாலு கை, ஒவ்வொரு கையிலும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று எட்டு மோட்டராகக் கட்டினேன். கீழ் விசிறி மேல் விசிறி தள்ளிய காற்றுக்குள் சுற்றுவதால் பலம் கொஞ்சம் வீணாகும், எடையும் கூடும். என் பறக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்கு இறங்கியது. ஆனால் ஒரு மோட்டர் நின்றாலும் அதே கையில் இன்னொன்று இருக்கிறது. விவசாய ட்ரோன்களுக்கென்று மோட்டர், ஈஎஸ்சி, விசிறி மூன்றையும் ஒன்றாகப் பூட்டி, தண்ணீர் புகாமல் மூடி விற்கிறார்கள். இம்முறை அதையே வாங்கினேன். தனித்தனியாக வாங்குவதைவிட விலை கூட, ஆனாலும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற கவலை இல்லை. கட்டி முடித்ததும் செய்த முதல் முக்கியமான சோதனை: சுமை இல்லாமல், ஆளில்லாத வயலில், ஒரு மோட்டரின் சிக்னல் வயரைக் கழற்றிவிட்டு எழுப்பினேன். ஆடியது, மற்ற மோட்டர் சூடேறியது, ஆனால் நின்றது, இறங்கியது. எட்டு மோட்டரையும் இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகுதான் சுமை கட்டினேன்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு உப்பு பெரிய எதிரி. ஒரு மாரி முடிய முன்பே இணைப்பிகளில் பச்சை பிடித்தது, சாதா ஸ்குரூக்கள் துருவில் இறுகின, ஒரு மோட்டரின் பெயாரிங் கையால் சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது. துருப்பிடிக்காத ஸ்குரூ, இழைக்குப் பூசும் நீலப் பசை, மின்தட்டுகளுக்கு மேல் பாதுகாப்புப் பூச்சு, ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பது. இவை அலங்காரம் இல்லை. வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று, பகல் ஏற ஏற வீச்சுக் கூடும், பயிற்சியை விடியலில் வையுங்கள். ஆனால் உண்மையான தேவை மாரியில், மழையோடும் வாடையோடும்தான் வரும். தூறலில் பறந்து பார்க்காத இயந்திரத்தை வெள்ளத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பற்றரியை முழுச் சார்ஜில் வைத்துத் தகரக் கூரையின் கீழ் மறந்தால் வெக்கையில் ஊதிவிடும். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், குளிர்ந்த இடத்தில், மணல் போட்ட சிமெந்துத் தொட்டிக்குள் வைக்கிறேன். ஒரு சோடியைச் சார்ஜ் ஏற்ற ஒரு கிலோவோட்டுக்கு மேல் வேண்டும், ஒரு மணித்தியாலமும் கடக்கும். வெள்ளம் வந்தால் கரண்ட் முதலில் போகும். ஜெனரேட்டரும் எண்ணெயும் இல்லாமல் இந்த ட்ரோனின் ஆயுள் பதினைந்து நிமிடம்தான். செலவுக் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை.

சுமை இறக்குவதைக் கிண்ணியாவில் மீன்பிடிக்கிற ஒரு நானாவோடு சேர்ந்து பழகினோம். நான் கயிற்றின் நுனியில் கொக்கி வைத்திருந்தேன், நிலம் தொட்டால் தானே கழன்றுகொள்ளும். அவர் கயிற்றைக் கையில் எடுத்து ஒரு சுண்டு சுண்டிவிட்டுச் சொன்னார்: “தம்பி, பயந்த சனம் பையை எடுக்காது, கயித்தத்தான் புடிக்கும். புடிச்சா இழுக்கும். அப்ப உங்கட மெசின் என்ன செய்யும்?” கயிற்றை இழுத்தால் எட்டு விசிறியும் அவர்கள் தலைக்கு மேல். அன்றோடு கயிற்றை ட்ரோன் பக்கத்திலிருந்தே வெட்டிவிடும் ஏற்பாடு வைத்தேன். குறிப்பிட்ட பாரத்துக்கு மேல் இழுபட்டால் தானே அறுகிற மெல்லிய நூல் ஒன்றும் இடையில் உண்டு. மின்சாரம் முழுக்க நின்றாலும் அந்த நூல் வேலை செய்யும். கயிற்றின் நீளமும் முக்கியம். குட்டையாக இருந்தால் விசிறிக் காற்று தண்ணீரைக் கிளப்பி ஆளின் முகத்தில் அடிக்கும், தறப்பாள் கூரையையும் தூக்கும். நீளமாக இருந்தால் பை ஊஞ்சல் ஆடி ட்ரோனையும் சேர்த்து ஆட்டும். நாங்கள் பத்து மீற்றரில் நின்றோம். மிதவைக்கு அதுவும் வேண்டாம், காற்று வரும் பக்கத்தில் கொஞ்சம் தள்ளிப் போட்டால் தானே மிதந்து ஆளிடம் போகும்.

கடைசியாக, அதிகாரிகளோடு சேர்ந்து ஒரு ஒத்திகை. தூக்கிக் காட்டத் தயாராகப் போனேன். அவர்கள் கேட்டது வேறு: எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்தப் பக்கத்தால் வள்ளம் விடலாம், இரவில் வெளிச்சம் காட்ட முடியுமா, ஒலிபெருக்கியில் கிராம உத்தியோகத்தரின் குரலைக் கேட்கச் செய்ய முடியுமா. மனம் கொஞ்சம் சோர்ந்தது உண்மை. ஆனால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போது சின்ன கமெரா ட்ரோன் ஒன்று முதலில் போகும், ஆள் இருக்கும் இடம் தெரிந்த பிறகே பெரியது எழும். ஹெலிகொப்டர் வருகிறது என்று தகவல் வந்தால் எது பறந்தாலும் உடனே இறக்க வேண்டும், அதைச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒரு ஆளிடம், அவர் ரேடியோவோடு என் பக்கத்திலேயே நிற்பார். பறக்கவிடுவதா இல்லையா என்று சம்பவ இடத்தில் கூட்டம் கூடிப் பேசக்கூடாது என்பதால் காற்றுக்கும் மழைக்கும் எல்லை முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம்.

இந்த வருடம் இன்னொரு பற்றரிச் சோடிக்குக் காசு சேர்க்கிறோம். பாதி சேர்ந்துவிட்டது. கப்பலில் போட இப்போதே சொல்லியாயிற்று, ஐப்பசி பிறக்க முன்பு வந்து சேர்ந்தால்தான் இந்த மாரிக்குப் பிரயோசனம்.